லிங்க்கில் ஒரு எண்ணை மாற்றினால் அடுத்தவர் ஆவணம்: 88.5 கோடி கோப்புகள் திறந்து கிடந்தது எப்படி?

ஃபர்ஸ்ட் அமெரிக்கன், அமெரிக்காவில் சொத்துரிமைக் காப்பீடு வழங்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்று. அதன் இணையதளத்தில் சுமார் 88.5 கோடி கோப்புகளை யார் வேண்டுமானாலும் பார்க்க முடிகிறது என்பதை 2019 மே மாதம் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளிப்படுத்தினார். வங்கிக் கணக்கு எண், வரி ஆவணம், ஓட்டுநர் உரிமம் என எல்லாமே அதில் இருந்தன. சில ஆவணங்கள் 2003-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

ஹேக் செய்தார்களா?

அதற்கு அவசியமே இல்லை. வாடிக்கையாளருக்கு வரும் லிங்க்கில் ஆவண எண் இருந்தது. அதில் ஒரு இலக்கத்தை மாற்றினால் வேறொருவரின் ஆவணம் திறந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. அவ்ளோதான்!

லாகின் வைத்தால் போதுமா?

போதாது. லாகின், நீங்கள் யார் என்பதை மட்டும்தான் சொல்லும். இந்தக் கோப்பு உங்களுடையதா என்பதை சர்வர் ஒவ்வொரு முறையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். லாட்ஜில் அறை எடுத்தவருக்கு அவர் அறைச் சாவியைத்தானே தருவார்கள்? எல்லா அறைச் சாவியையும் அல்லவே!

எதெல்லாம் பூட்டு அல்ல?

* மெனுவில் லிங்க்கை மறைப்பது. முகவரி தெரிந்தவர் நேராக வந்துவிடுவார்.
* 'ரோபோட்ஸ்' கோப்பில் தடை எழுதுவது. அது கூகுள் போன்ற தேடுபொறிகளுக்கான வேண்டுகோள் மட்டுமே. அதை யாரும் படிக்கலாம் என்பதால், ரகசிய ஃபோல்டரின் பெயரை நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.
* ஊகிக்க முடியாத நீளமான லிங்க். ஓரளவு உதவும். வாட்ஸ்அப்பில் ஒருமுறை ஃபார்வர்டு ஆனால் முடிந்தது கதை.

சரியான வழி என்ன?

பிரவுசர் நேரடியாக எட்ட முடியாத இடத்தில் கோப்புகளை வையுங்கள். உரிமை சரிபார்த்த பிறகே சர்வர் எடுத்துத் தரட்டும்; இல்லையென்றால் '403' என்று மறுக்கட்டும். தற்காலிக லிங்க் என்றால் சில நிமிடங்களில் காலாவதியாகட்டும். சோதிப்பதும் எளிது: ஒரு கணக்கில் திறந்த லிங்க்கை இன்னொரு கணக்கிலும், லாகின் இல்லாத இன்காக்னிட்டோ விண்டோவிலும் போட்டுப் பாருங்கள்.

தாமதத்தின் விலை

ஃபர்ஸ்ட் அமெரிக்கனின் சொந்தப் பாதுகாப்புக் குழுவே இந்த ஓட்டையை 2019 ஜனவரியில் கண்டுபிடித்திருந்தது. ஆனால் அடைக்கவில்லை, தலைமை நிர்வாகிகளுக்கும் தகவல் போகவில்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல் 4,87,616 டாலர் அபராதம் விதித்தது. நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறைக்கு 2023-இல் மேலும் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது.

இது நிறுவனங்களின் தலைவலி மட்டுமல்ல. கூகுள் டிரைவில் நீங்கள் பகிர்ந்த ஆதார், சம்பளச் சீட்டு எல்லாம் 'லிங்க் உள்ள எவரும்' பார்க்கலாம் என்ற அமைப்பில் இருக்கிறதா? இப்பவே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.