விதைக்கிழங்கும் சுங்கப் பரிசோதனையும்

வெலிமடைப் பகுதியில் பெரும்போக நெல் அறுவடை முடிந்ததும் வயல்கள் உருளைக்கிழங்குச் செய்கைக்காகப் பண்படுத்தப்படுகின்றன. இதற்கான விதைக்கிழங்கில் ஒரு பகுதி நெதர்லாந்து முதலான நாடுகளிலிருந்து குளிரூட்டப்பட்ட கொள்கலன்களில் வருகின்றது. அது காலந்தாழ்த்தி வந்தால் போகம் தவறும். நோயுடன் வந்தால் மண்ணே கெடும். இறக்குமதிப் பொருட்கள் மீதான சுங்கப் பரிசோதனைகளை இலகுபடுத்த வேண்டும் என்ற கோரிக்கையை நாம் இவ்விரு அச்சங்களையும் மனதிற்கொண்டே நோக்க வேண்டியுள்ளது.

கோரிக்கையில் நியாயம் இல்லாமலில்லை. துறைமுகத்தில் கொள்கலன் தேங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இறக்குமதியாளர் செலுத்தும் தாமதக் கட்டணம், இறுதியில் விதையின் விலையிலேயே சேர்கின்றது. நகையை அடகு வைத்து விதை வாங்கும் விவசாயியே அதனைச் சுமக்கின்றார். அவரை நம்பி நாட்கூலிக்கு வரும் தோட்டப்புறப் பெண்களும், விளைச்சலைக் கொள்வனவு செய்யும் வியாபாரிகளும் பாதிப்பிலிருந்து தப்புவதில்லை.

ஆயினும், இலகுபடுத்தல் என்பது பரிசோதனையைக் கைவிடுவதல்ல. 2017 பெப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையை இலங்கை 2016இலேயே ஏற்றுக்கொண்டது. கப்பல் வருமுன்னரே ஆவணங்களைப் பெற்றுப் பரிசீலித்தல், ஆபத்தின் அளவுக்கேற்பப் பொருட்களைத் தெரிவுசெய்து சோதித்தல், விரைவில் பழுதடையும் பொருட்களுக்கு முன்னுரிமை அளித்தல் ஆகியனவே அது வலியுறுத்தும் வழிகளாகும். ஆபத்துக் குறைந்தவை விரைவாக விடுவிக்கப்பட்டால், ஆபத்து மிக்கவற்றைக் கூர்ந்து சோதிக்க அதிகாரிகளுக்கு அவகாசம் கிட்டும்.

இந்த ஒழுங்கு பிறழ்ந்தால் நேர்வதை நாடு கண்டிருக்கின்றது. 2025 ஜனவரியில் கொழும்புத் துறைமுக நெரிசலின்போது 323 கொள்கலன்கள் பௌதிகப் பரிசோதனையின்றி விடுவிக்கப்பட்டமை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது.

2021இல் சீனாவிலிருந்து தருவிக்கப்பட்ட சேதன உரத்தின் மாதிரிகளில் எர்வினியா பக்டீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை அறிவித்தது. உருளைக்கிழங்கை அழுகச் செய்யும் பக்டீரியாக்களும் இப்பெயரால் அறியப்பட்டவையே. உர நிறுவனம் இதனை மறுத்தது. உரம் இறக்கப்படவில்லை, எனினும் 2022 ஜனவரியில் அந்நிறுவனத்திற்கு இலட்சக்கணக்கான டொலர் செலுத்த நேர்ந்தது. சோதனையும் நிபந்தனையும் கப்பல் புறப்படுமுன்னரே தீர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து கற்க வேண்டிய பாடமாகும்.

மண்ணுக்கு நேரும் தீங்கிற்கு இவ்வாறு பணத்தால் ஈடு செய்யவும் இயலாது. உருளைக்கிழங்கைத் தாக்கும் பொன்னிற வட்டப்புழுவின் முட்டைகள் கூடுகளுக்குள் பல்லாண்டுகள் மண்ணில் உயிருடன் கிடக்கக்கூடியவை. ஒரு கொள்கலனில் காட்டிய அலட்சியம் ஒரு தலைமுறையின் வாழ்வாதாரத்தைப் பறித்துவிடலாம்.

ஆகவே, விதை, நாற்று, உரம் ஆகியவற்றின் மாதிரிச் சோதனையில் எவ்வித விட்டுக்கொடுப்பும் கூடாது. அதேவேளை சுங்க அதிகாரிகளும் தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகளும் ஒரே வேளையில் சோதனை நடத்தவும், ஆய்வுகூட முடிவுகள் விரைந்து கிடைக்கவும் வசதிகள் பெருக்கப்பட வேண்டும். ஒரு கொள்கலன் ஏன் தடுக்கப்பட்டது, ஏன் விடுவிக்கப்பட்டது என்பது பதிவாகி, கேட்போருக்குக் கிடைக்க வேண்டும். காகிதங்களுக்காகக் காத்திருக்கும் நாட்களைக் குறைப்பதே அரசின் கடமை. நோய்க்கு வழிவிடும் அவசரத்தை வெலிமடை விவசாயி எவரும் கேட்கவில்லை என்பதை உரியோர் உணர்தல் வேண்டும்.