போர்வையைக் கிழிக்கும் குட்டி

இங்கிலாந்தில் ஜனவரி மாதக் காலைப்பொழுது. புல்வெளியெங்கும் உறைபனி வெண்மையாகப் படர்ந்திருக்கிறது. மட்டக்குதிரைக் குட்டிக்குத் தீவனம் கொண்டுவரும் உரிமையாளர் வேலியோரத்தில் திகைத்து நிற்கிறார். முதல்நாள் மாலை அவர் குட்டிக்குப் போர்த்திவிட்ட புதிய குளிர்ப்போர்வை கந்தலாகிச் சேற்றில் கிடக்கிறது. குட்டியோ ஒன்றும் அறியாததுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. குதிரை வளர்ப்போர் பலருக்கு இது பழகிப்போன காட்சி.

உயரம் குறைந்த குதிரை வகையையே மட்டக்குதிரை என்கிறோம். முழுமையாக வளர்ந்த பின்னும் அதன் தோள் உயரம் பொதுவாக 148 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. இளவேனிற்காலத்தில் பிறக்கும் குட்டிகள் ஏறக்குறைய ஆறு மாதத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்படுகின்றன. அதனால், தாயின் அரவணைப்பு இல்லாமலேயே அவை முதல் குளிர்காலத்தைச் சந்திக்க நேர்கிறது. அப்போது போர்வையும் கிழிந்துபோனால் உரிமையாளர் கவலைப்படுவது இயல்பே.

எனினும், பதறாத காரியம் சிதறாது. இன்னொரு போர்வை வாங்க விரைவதற்கு முன், குட்டி ஏன் அதைக் கிழிக்கிறது என்று அறிய வேண்டும். குட்டிகளுக்குக் கடைசி முன்பற்கள் ஆறு முதல் ஒன்பது மாத வயதில் முளைக்கின்றன. அப்போது அவை கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். குட்டிகள் ஒன்றோடொன்று விளையாடும்போது போர்வையைப் பல்லால் பிடித்து இழுப்பதும் உண்டு. உண்ண ஒன்றுமின்றி நீண்ட நேரம் நிற்கும் குட்டி, சலிப்பினால் போர்வையை மெல்லும். குளிர்காலத்தில் அடர்ந்த உரோமத்துள் பேன் பெருகினால், அரிப்புத் தாங்காமல் வேலியில் உடலைத் தேய்க்கும். அளவு பொருந்தாத போர்வை தோளை உராய்ந்து புண்ணாக்கும்போதும், அதனுள் உடல் வியர்க்கும்போதும் குட்டி அதைக் கழற்றவே முயலும். ஆகவே, போர்வையைக் கிழிப்பது எப்போதும் குறும்பு அன்று. சில வேளைகளில் அது குட்டி தரும் அறிகுறியாகவும் இருக்கலாம்.

கிழிந்த போர்வையால் பணம் மட்டும் வீணாவதில்லை. அறுந்து தொங்கும் வார் குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளலாம். மிரண்டு ஓடும் குட்டி கால் முறிந்து விழவும் கூடும். எனவே, கந்தலான போர்வையை உடனே அகற்றிவிட வேண்டும்.

போர்வை இல்லாவிட்டால் குட்டி குளிரில் வாடிவிடாதா? இங்கேதான் இயற்கை அதற்கு அளித்துள்ள பாதுகாப்பை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கோடைக்குப் பிறகு பகற்பொழுது குறையக் குறைய, குதிரையின் உடலில் குளிர்கால உரோமம் வளரத் தொடங்குகிறது. குளிர் மிகும்போது அந்த உரோமம் சிலிர்த்து நிற்கும். உரோமங்களுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் காற்று உடற்சூட்டை வெளியேறவிடாமல் காக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை மழைநீரை வழிந்தோடச் செய்கிறது. மெல்லிய போர்வையொன்றைப் போர்த்தினால் உரோமம் படிந்துவிடும். அதனால் உள்ளிருக்கும் காற்றுப் படலம் குறைந்து, பாதுகாப்பும் குறையலாம்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில் வாழும் மட்டக்குதிரைகள் இதற்குச் சிறந்த சான்று. ஆண்டு முழுவதும் திறந்தவெளியிலேயே வாழும் இவற்றுக்குக் குளிர்காலத்தில் இரண்டு அடுக்கு உரோமம் வளர்கிறது. உள்ளடுக்கு வெப்பத்தைக் காக்கிறது. வெளியடுக்கு நீரைத் தடுக்கிறது. வாலின் மேற்பகுதியில் விசிறிபோல் அமைந்த குட்டையான மயிர், மழைநீரும் பனியும் உடலை விட்டு விலகி விழ உதவுகிறது.

உரோமம் வெளியிலிருந்து காப்பதுபோல், உணவு உள்ளிருந்து சூடு தருகிறது. வெயிலில் காயவைத்த உலர்புல்லில் நார்ச்சத்து மிகுதி. குதிரையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அந்த நாரை நொதிக்கச் செய்யும்போது வெப்பம் உண்டாகிறது. தானியத்தைவிட உலர்புல்லே இவ்வகையில் கூடுதல் சூட்டைத் தருகிறது. 120 கிலோகிராம் எடையுள்ள குட்டிக்கு, உடல் எடையில் 2 விழுக்காடு என்று கணக்கிட்டால், நாளொன்றுக்கு 2.4 கிலோகிராம் உலர்புல் தேவை. கடுங்குளிரில் இதைவிடக் கூடுதலாகத் தர வேண்டும். இதனைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பல இடங்களில் வைத்தால், குட்டி நடந்து நடந்து உண்ணும். உடலும் சூடாகும், சலிப்பும் தீரும். நீர்த்தொட்டியில் உறைந்த பனிக்கட்டியை உடைத்துவிடுவதும் இன்றியமையாதது. போதிய நீர் அருந்தாத குதிரைக்குக் குடலில் உணவு இறுகிக் கடும் வயிற்றுவலி ஏற்படலாம்.

வறண்ட குளிரைவிட மழையும் காற்றும் சேர்ந்த குளிரே கொடியது. முழுவதும் நனைந்த உரோமத்தில் காற்றுப் படலம் நிலைப்பதில்லை. ஆகவே, மூன்று பக்கம் சுவரும் மேலே கூரையும் கொண்ட கொட்டகை தேவை. அதன் தரையில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பினால் குட்டி உலர்ந்த இடத்தில் படுத்துறங்கும். துணைக்கு இன்னொரு குதிரை இருந்தால், இரண்டும் நெருங்கி நின்று காற்றைச் சமாளிக்கும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் கண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. அடர்ந்த உரோமம் மெலிந்த உடலை மறைத்துவிடும். எனவே, உரோமத்துக்குள் விரல்களை நுழைத்து விலா எலும்புகளை அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். எலும்புகள் முன்பைவிடத் துருத்திக்கொண்டு தெரிந்தால் தீவனம் போதவில்லை என்று பொருள். உடல் நடுங்கினாலோ, குட்டி உண்ணாமல் சோர்ந்து நின்றாலோ, அதை உடனே கொட்டகைக்குள் கொண்டுசென்று கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

போர்வையே தேவையில்லை என்பது இதன் பொருளன்று. நோயுற்ற, மெலிந்த, உரோமம் கத்தரிக்கப்பட்ட குதிரைகளுக்குப் போர்வை தேவைப்படும். இலையுதிர்காலத்திலிருந்தே போர்வைக்குள் இருந்த குட்டிக்கு உரோமம் அடர்த்தியாக வளராமல் இருக்கலாம். அத்தகைய குட்டியைத் திடீரென்று குளிரில் விடாமல், மருத்துவரின் ஆலோசனையோடு படிப்படியாகப் பழக்க வேண்டும்.

தமக்குக் குளிர்கிறது என்பதற்காகக் குட்டிக்கும் அவ்வாறே குளிரும் என்று மனிதர்கள் எண்ணிவிடுகிறார்கள். அன்பினால் எழும் எண்ணம்தான் அது. ஆயினும், பிற உயிரின் தேவையை அதன் உடலைத் தொட்டும் நடத்தையைக் கவனித்தும் அறிவதே உண்மையான பராமரிப்பு. அந்த உரிமையாளர் கந்தல் போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, குட்டியின் உரோமத்துக்குள் கையை நுழைத்துப் பார்க்கட்டும். தோல் உலர்ந்து, கதகதப்பாக இருந்தால், அன்று காலை குட்டிக்குத் தேவைப்படுவது புதிய போர்வை அன்று. இன்னும் ஒரு கட்டு உலர்புல்லே.