கடலுக்கடியில் "சடசட" சத்தம்! எதிரி அல்ல, இறால்!

இரண்டாம் உலகப்போர் நேரம். எதிரி நீர்மூழ்கிக் கப்பல் வருகிறதா என்று அமெரிக்கக் கடற்படையினர் தண்ணீருக்குள் மைக்கை இறக்கிக் காது கொடுத்தார்கள். கேட்டதோ, எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல ஓயாத சடசடப்பு! கப்பல் சத்தமே அதில் அமுங்கிப் போனது.

கலிபோர்னியா விஞ்ஞானிகள் துப்புத் துலக்கினார்கள். "ஆசாமி" சிக்கினான். விரல் நீளம்கூட இல்லாத இறால்!

குமிழி வெடி

இந்த இறாலுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதைப் பட்டென்று மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அதில் ஒரு குமிழி உண்டாகி உடையும். சத்தம் போடுவது கொடுக்கு அல்ல, குமிழிதான். அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2000-ம் ஆண்டில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

மேலே ஒன்றும் கேட்காது

படகில் நிற்பவர் காதில் அலையும் காற்றும்தான் விழும். உள்ளே எழும் சத்தம் நீர்மட்டத்தில் மோதி, பெரும்பகுதி உள்ளேயே திரும்பி விடுகிறது. பதிவு செய்ய மைக் தண்ணீருக்குள் இறங்கியே ஆக வேண்டும்.

சத்தம் குறைந்தால் ஆபத்து

பவளப்பாறைகளில் இந்த இறால்கள் ஏராளம். 2016-ல் கடல் சூடேறி ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைகள் வெளுத்தன. பிறகு பதிவு செய்தபோது சத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. குஞ்சு மீன்கள் சத்தத்தைக் கேட்டும் இடம் தேடி வரும். சத்தம் இல்லாவிட்டால் எப்படி வரும்?

2017-ல் விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்தார்கள். நல்ல பாறையின் ஒலிப்பதிவை, செத்த பாறைகளில் ஒலிபெருக்கி வைத்து 40 நாள் போட்டார்கள். சத்தம் போடாத இடத்தைவிட இரண்டு மடங்கு மீன் வந்தது!

மீன் வந்தாச்சு. பவளம் பிழைக்குமா? கடல் சூடு தணிந்தால்தான் உண்டு.