நிலம் இசைக்கும் அறை

பறவையின் கூவலையும் மழையின் ஓசையையும் கருவிகளில் ஒலித்துக் காட்டுவது இயற்கையிலிருந்து இசை படைப்போர் பலரும் பின்பற்றும் வழியாகும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் (பிறப்பு: 1953) இவ்வழியிலிருந்து விலகி, நிலமும் வானும் தாமே இசைக்கும்படி ஓர் அறையை அமைத்தார். அலாஸ்கா மாநிலத்தின் ஃபேர்பேங்க்ஸ் நகரில், பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 2006-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வறைக்கு, ஆர்க்டிக் கடற்கரையில் இனுபியாக் மக்கள் நாலகியாக்விக் என வழங்கும் இடத்தின் பெயர்ப்பொருளே பெயராயிற்று. ‘கேட்பதற்குச் செல்லும் இடம்’ என்பது அதன் பொருள்.

இப்படைப்புக்கு அடிப்படையானது தரவொலியாக்கம், அதாவது அளவீட்டுக் கருவிகள் அனுப்பும் எண்களைக் கணினி வழியே ஒலியாக மாற்றும் முறை. முன்பே பதிவுசெய்த ஓசை எதுவுமின்றி, அந்தந்த நொடியில் இயற்கையில் நிகழ்வதே 14 ஒலிபெருக்கிகளின் வழியே இசையாகிறது.

பசிபிக் புவித்தட்டு வட அமெரிக்கத் தட்டின் அடியில் செருகிக்கொண்டே இருப்பதால் அலாஸ்காவில் சிறு நிலநடுக்கங்கள் அன்றாடம் நிகழ்கின்றன. நிலத்தின் அதிர்வைப் பதியும் நிலநடுக்கமானிகள் அவற்றை உணர்ந்தாலும், அவ்வதிர்வுகளில் பெரும்பாலானவை மனிதச் செவிக்கு எட்டும் கீழெல்லையான 20 ஹெர்ட்ஸுக்கும், அதாவது வினாடிக்கு 20 அதிர்வுகளுக்கும், கீழே அமைவதால், கணினி அவற்றைத் தாழ்ந்த முரசொலியாக உயர்த்தித் தருகிறது. துருவ ஒளி தோன்றும்போது புவியின் காந்தப்புலத்தில் உண்டாகும் மாற்றங்களைக் காந்தமானிகள் அறிவிக்க, அவை மணியோசைகளாகத் தலைக்கு மேலிருந்து ஒலிக்கின்றன. கதிரவனின் இருப்பிடத்தைப் பின்பற்றும் தொடரொலி, கதிரவன் வானில் நகர்வதற்கேற்ப அறையைச் சுற்றி நகர்கிறது.

இவை அனைத்துக்கும் ஆதார சுருதியையும் ஆடம்ஸ் புவியிலிருந்தே எடுத்தார். புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் ஒரு நாளை, அதாவது 86,400 வினாடிகளை, ஓர் அதிர்வாகக் கொண்டு, ஒவ்வொரு ஸ்தாயிக்கும் அதிர்வெண் இரட்டிக்கும் என்ற இசைவிதியின்படி 21 ஸ்தாயிகள் உயர்த்தினால், செவி உணரக்கூடிய 24.27 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது.

இசையமைப்பாளர் இங்கு வகுத்தது விதிகளை மட்டுமே என்பதால், இசையின் நீளத்தையும் வேகத்தையும் இயற்கையே முடிவு செய்கிறது. பகல் ஏறத்தாழ 22 மணி நேரம் நீளும் ஜூன் மாதத்திலும், 4 மணி நேரத்துக்கும் குறையும் டிசம்பரிலும் அங்குச் செல்பவர் கேட்பது வெவ்வேறு இசை. காலடியிலுள்ள நிலம் ஓயாமல் அசைகிறது என்னும் உண்மையைப் பாடநூலில் படித்தவர், அங்கே அமைதியாக அமர்ந்து அதைத் தம் செவியாலேயே அறியலாம்.