சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம்: கிழிந்துவிடுமோ என்ற அச்சம்

முதல் குழந்தையைச் சிசேரியன் மூலம் பெற்று, அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெற விரும்பும் தாய்மார்கள் பலர், பரிசோதனை முடிந்து எழும் வேளையில்தான் தாழ்ந்த குரலில் எங்களிடம் கேட்கிறார்கள்: "கிழிந்துவிடுமா, டாக்டர்?"

அந்தக் கேள்விக்குள் இரண்டு அச்சங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பார்த்தாலே மனச்சுமை பாதி குறையும்.

முதலாவது, கருப்பையின் பழைய தழும்பு பிரிந்துவிடுமோ என்பது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டி ஒரே ஒரு சிசேரியன் செய்துகொண்டவர்களுக்குத் தானாக வலி கண்டால், ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே இது நேர்கிறது. அரிதெனினும் ஆபத்தானது. ஆதலால்தான் இத்தகைய பிரசவம் அறுவை அரங்கும் இரத்தமும் ஆயத்தமாக உள்ள மருத்துவமனையில் நிகழ வேண்டும் என்கிறோம். குழந்தையின் இதயத்துடிப்பை இடைவிடாது கண்காணிக்கிறோம். கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டப்பட்டிருந்தால் சுகப்பிரசவத்தைப் பரிந்துரைப்பதில்லை. எனவே பழைய அறுவைக் குறிப்புகளைத் தவறாமல் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, பிறப்புவாய் கிழிவது. இதற்கும் பழைய தழும்புக்கும் தொடர்பில்லை. இரண்டாம் குழந்தையே ஆனாலும், அவ்வழியாகப் பிறக்கும் முதல் குழந்தை இதுவே. ஆகவே தலைப்பிரசவத்தைப் போன்றே சிறு கிழிசல் ஏற்படுவது மிக இயல்பு. பெரும்பாலானவை தோலையும் மேல்தசையையும் மட்டுமே தொடுவன. மரத்துப்போகும் ஊசி போட்டு, தானே கரையும் நூலால் தைக்கிறோம். சில வாரங்களில் ஆறிவிடும். ஆசனவாய்த் தசைவரை செல்லும் ஆழமான கிழிசல், முதன்முறை இவ்வழியில் பெறுவோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேருக்கு ஏற்படலாம். உரிய நேரத்தில் கண்டறிந்து சீராகத் தைத்தால் அவர்களிலும் பெரும்பாலோர் நலமடைகின்றனர்.

இந்த இடரைக் குறைக்க வழிகள் உண்டு. 35ஆம் வாரம் முதல், கைகளை நன்கு கழுவி, மணமற்ற எண்ணெய் தடவிய கட்டைவிரலால் பிறப்புவாயின் கீழ்ப்புறத்தை ஐந்து நிமிடம் மென்மையாக நீவிவிடலாம். இரத்தப்போக்கு, தொற்று, பனிக்குடம் உடைதல், நஞ்சு கீழிறங்கியிருத்தல் ஆகியவை இருப்பின் இதனைச் செய்யலாகாது. தலை வெளிவரும் தருணத்தில் வெந்நீரில் நனைத்த இளஞ்சூடான துணியால் ஒற்றுகிறோம், கையால் தாங்குகிறோம். அப்போது "முக்காதீர்கள், மூச்சை மட்டும் விடுங்கள்" என்போம். அந்த ஒரு சொல்லைக் கேட்டு நடப்பது பெருந்துணையாகும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: பிறருக்குப் போட்ட தையல்களின் கணக்கைக் கர்ப்பிணியின் காதில் போடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் மலமோ வாயுவோ அடக்க இயலாவிடில், தாய் அதனைக் கூச்சத்தால் மறைக்காமல் சொல்லத் துணை நில்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

சுகப்பிரசவத்துக்கு முயல்வோரில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் அவ்வாறே பெறுகின்றனர். எல்லாம் அறிந்த பின்னும் அச்சம் நீங்காமல் மீண்டும் சிசேரியனையே விரும்பினால், அதன் நன்மை தீமைகளையும் பேசி முடிவெடுக்கலாம். அடுத்த முறை வரும்போது, இறுதியில் கேட்கும் அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்.