ஆர்ஓ வாங்கும் முன் தண்ணீரைச் சோதித்தீர்களா?

டம்ளரில் மிதக்கும் சேறு

வாட்டர் ஃபில்டர் விற்க வீட்டுக்கு வருபவர்கள் வழக்கமாகக் காட்டும் வித்தை ஒன்று உண்டு. ஒரு டம்ளரில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி சுவிட்சைப் போடுவார்கள். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, மேலே சேறு போல ஏதோ திரளும். ஆர்ஓ தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும். "இதைத்தான் சார் உங்க குழந்தைங்க தினமும் குடிக்குது" என்று சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கிவிடும்.

அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே அல்ல, கம்பியிலிருந்து வந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கம்பி அரித்துத் துருவாக வெளிவருகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. சந்தேகமிருந்தால் ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

டிடிஎஸ் சொல்லாதது

பேனா அளவில் இருக்கும் டிடிஎஸ் மீட்டரும் மின்கடத்தலை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. கரைந்த உப்பு எவ்வளவு என்று உத்தேசமாகச் சொல்லும், அவ்வளவுதான். டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலைக் கிருமிகள் அதற்குத் தெரியாது. சாக்கடை கசிந்த தண்ணீர் 200 என்று காட்டலாம்; கிருமியே இல்லாத போர் தண்ணீர் 700 காட்டலாம். எது ஆபத்து?

இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500, குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கிறது. உலக சுகாதார நிறுவனம் டிடிஎஸ்ஸுக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. பெரும்பாலும் அது ருசி சம்பந்தப்பட்ட விஷயம். உப்புத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்ற பயத்திலேயே பலர் ஆர்ஓ வாங்குகிறார்கள். கல் உருவாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, போதுமான தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

உங்கள் சம்ப்பில் என்ன இருக்கிறது?

சென்னை அடுக்ககம் ஒன்றின் சம்ப்பைத் திறந்து பார்த்தால் மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் கலந்தே கிடக்கும். மழைக்காலத்தில் ஒரு கலவை, மே மாதத்தில் வேறு கலவை. ஆகவே ஒரு நாள் எடுத்த அளவை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கோடையில் ஒரு முறை, மழை முடிந்ததும் ஒரு முறை, சமையலறைக் குழாயிலிருந்தே பிடித்த தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு, கோலிஃபார்ம் பாக்டீரியா ஆகியவற்றை மறக்காமல் கேளுங்கள்.

ஃப்ளோரைடைத் தனியாகச் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் அது அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். நிறம், மணம், ருசி எதிலும் அது தெரியாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வளரும் குழந்தைகளின் பற்களில் கறை படியும். அளவு மிக அதிகமாகி வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

எதற்கு எது?

கார்ப்பரேஷன் தண்ணீர், டிடிஎஸ் 500-க்குள், பயம் கிருமியைப் பற்றி மட்டுமே என்றால் யூவி அல்லது யூஎஃப் போதும். யூவி விளக்கு கிருமிகளின் மரபணுவைச் சிதைத்துப் பெருக விடாமல் செய்கிறது; ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஒளி ஊடுருவாது, கரண்ட் போனால் விளக்கும் இல்லை. யூஎஃப் நுண்துளைச் சவ்வு. பாக்டீரியாவைத் தடுக்கும், மேல்தொட்டியிலிருந்து வரும் அழுத்தமே போதும் என்கிற மாடல்களுக்கு மின்சாரமும் வேண்டாம். குளோரின் வாடை பிடிக்காதவர்களுக்கு கார்பன் ஃபில்டர். இவை எதுவும் உப்பையோ ஃப்ளோரைடையோ எடுக்காது.

உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட் வரம்பு மீறினால் ஆர்ஓதான் வழி. அதிலும் ஒரு நுணுக்கம்: 'டிடிஎஸ் கன்ட்ரோலர்' உள்ள மாடல்களில், ருசிக்காக ஆர்ஓவைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து விடுவார்கள். ஃப்ளோரைடு பிரச்சினைக்காக ஆர்ஓ வாங்கியவர் அதைத் திறந்துவிட்டால், விரட்டியது பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளும் ஆர்ஓக்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகின்றன. டிடிஎஸ் 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது இதனால்தான். அந்தக் கழிவு நீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். செடிகளுக்கு ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும்.

மாட்டிய பிறகு

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கிறோம். கேண்டில், கார்பன், மெம்ப்ரேன் மாற்ற வருடத்துக்கு எவ்வளவு ஆகும், உங்கள் ஊரில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கெடு தாண்டிய கார்பன் ஃபில்டரில் கிருமிகள் வளரும். குளோரினும் நீங்கிவிட்டதால் ஃபில்டரின் தொட்டியில் தேங்கும் தண்ணீருக்குப் பாதுகாப்பு கிடையாது. ஊருக்குப் போய்த் திரும்பினால் பழைய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். சம்ப்பையும் மேல்தொட்டியையும் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவு.

ஒன்றுமே வாங்க இயலாதவர்கள், கிருமி மட்டுமே பிரச்சினை என்றால், தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டுக் குடிக்கலாம். வேறு குடத்துக்கு மாற்றும்போதுதான் கை படுகிறது.