கரையொதுங்கும் கருமை

நெய்தல் நில மக்களுக்குக் கடல் வெறும் நீர்ப்பரப்பன்று. அதுவே அவர்தம் வயலும் களஞ்சியமும் ஆகும். அவ்வயலில் எண்ணெய் படர்ந்தால் நேரும் இன்னல் யாதென்பதைத் தமிழகம் 2017ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் கண்கூடாகக் கண்டது.

அன்று விடியற்காலையில் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்னும் எரிவாயுக் கப்பலும் 'டான் காஞ்சிபுரம்' என்னும் எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. பின்னதிலிருந்து கசிந்த கனமான எரியெண்ணெய் தெற்கு நோக்கி நகர்ந்து எர்ணாவூர்க் கரையில் குவிந்தது. மெரினா வரையிலும் அதன் தடம் தென்பட்டது.

இவ்வகை எண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. அலைகளால் கலக்கப்பட்டு, கடல்நீரை உள்வாங்கிக் கெட்டியான குழம்பாகிறது. அதன் அளவும் பன்மடங்கு பெருகுகிறது. எனவேதான் உறிஞ்சு எந்திரங்கள் திணறின. மீனவரும் மாணவரும் தொண்டர்களும் வாளிகளால் அதனை அள்ளினர். போதிய கையுறையும் முகக்கவசமும் இன்றி நின்றோர் பலர்.

எண்ணெயில் தோய்ந்த பறவையின் இறகு நீரையும் குளிரையும் தடுக்கும் ஆற்றலை இழக்கிறது. இறகைக் கோதும் பறவை நஞ்சையும் விழுங்குகிறது. மூச்சுவிட மேலெழும் கடலாமை படலத்தினுள் சிக்குகிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைநாடும் பருவத்தில் இவ்விபத்து நேர்ந்தது பெருந்துயரம். மீன்கள் தம் உடலிற் சேரும் நச்சுச் சேர்மங்களை ஓரளவு விரைவாகச் சிதைத்து வெளியேற்றும். மட்டியும் சிப்பியுமோ அவற்றை நெடுநாள் தேக்கி வைக்கும்.

மனிதர் நிலை என்ன? எண்ணெயின் ஆவி தலைவலி, மயக்கம், குமட்டல், கண்ணெரிச்சல் ஆகியவற்றை விளைவிக்கும். தோலிற் பட்டால் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். எண்ணெயிலுள்ள சில சேர்மங்கள் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. 2002ஆம் ஆண்டு 'பிரெஸ்டீஜ்' கப்பல் மூழ்கியபோது இதே வகை எண்ணெய் ஸ்பெயின் நாட்டுக் கலீசியக் கரையை மூடியது. அதனை அகற்றிய மீனவரிடையே ஓராண்டுக்குப் பின்னரும் மூச்சுத் தொல்லைகள் மிகுதியாக இருந்தமையை மருத்துவ ஆய்வு காட்டிற்று. தூய்மை செய்யும் கரங்களே முதலில் நஞ்சேற்கின்றன.

கருமை மறைந்தால் கேடும் மறைந்தது எனக் கருதுதல் தவறு. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு உயிர்வளி வேண்டும். மணலடியில் புதைந்த எண்ணெய்க்கு அது கிட்டுவதில்லை. 1989இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' கப்பல் சிந்திய எண்ணெய் பல்லாண்டுகள் கடந்தும் கரைமணலடியில் காணப்பட்டது.

2023ஆம் ஆண்டு திசம்பரில், மிக்சாம் புயல்மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அப்போதும் எண்ணெயை அள்ள மீனவர் தம் படகுகளில் இறங்க நேர்ந்தது. ஏறத்தாழ ஏழாண்டு இடைவெளியில் நாம் கற்றது எவ்வளவு என்னும் வினா இங்கே எழுகிறது.

படலம் பரவாது தடுக்கும் மிதவை வேலிகளும், அள்ளுவோர்க்கான காப்புடைகளும் விபத்துக்கு முன்னரே கரையில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அள்ளியோரின் உடல்நலம் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்படல் வேண்டும். தொண்டுள்ளம் கொண்ட மாணவச் செல்வங்களே, கடற்கரைக்கு ஓடுங்கள். ஆனால் காப்பின்றி இறங்காதீர்கள். பிறர் துயர் துடைக்கும் கரம் தானும் நலமாக இருந்தாலன்றோ அடுத்த துயரையும் துடைக்க இயலும்!